ஆறு பூட்டுச் சங்கிலி

அந்தத் தெருவில் தலைவர் என்று யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தெருக்காரர்களும் எதைச் சொல்வதற்கு முன்னாலும் இதைத்தான் சொல்வார்கள். மூடிக் கிடந்த அச்சகத்தின் பின்கட்டை ஆறு பேர் சேர்ந்து கேட்டு வாங்கிய அன்று, அவர்களில் ஒருவரான டீச்சர் எழுந்து நின்று, "இங்க தலைவர் இல்ல, செயலாளர் இல்ல. எல்லாருமே பொறுப்பு," என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரும் பொறுப்பு என்றால் தன் பங்குக்கு எவ்வளவு வரும் என்று அவரவர் மனதுக்குள் ஆறால் வகுத்துப் பார்த்து, விடை சின்னதாக இருந்ததில் வந்த கைதட்டல் அது.

ஒருத்தி மட்டும் வகுக்கவில்லை. கணக்குத் தெரியாமல் இல்லை. அவள் வளர்ந்த வீட்டில் பொறுப்பு என்பது வகுபடாத எண்.

அவளைத் தெருவே சல்லடையக்கா என்று கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. விடியும்போதே போய், நனைந்து கனத்த படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து அள்ளித் தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் அறைக்குத் தள்ளி, மடித்து அடுக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வருவாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமலே பின்கட்டுக்குக் கிளம்பிவிடுவாள். மக்கிய உரத்தைச் சல்லடையில் போட்டு, சலித்துப் போகும்வரை சலிப்பாள்.

பின்கட்டின் கதை இதுதான். அச்சகம் ஓடிய காலத்தில் மையும் எண்ணெயும் ஊற்றி ஊற்றி அந்த மண் கறுத்து இறுகிப்போயிருந்தது. முள்செடிகூட வேறு இடம் பார்த்துக்கொண்டது. ஆறு பேரும் என்ன செய்தார்கள் என்றால், அவரவரிடம் மிஞ்சியதை அங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். பேக்கரிக்காரர் முட்டை ஓடும் காபிச் சக்கையும். காய்கறிக் கடைக்காரம்மா வாடிய கீரையும் தோலும். தச்சர் மரத்தூள். தையல்காரர் பருத்தித் துணியின் வெட்டுத் துண்டுகள். டீச்சர் பள்ளிக்கூடத்து மரங்களின் சருகும், கேட்காமலே கிடைக்கும் கருத்துகளும். எல்லாம் குவியலாகி, குவியல் மண்ணாகி, மண் மேல் பாத்தி கட்டி, கத்தரியும் தக்காளியும் பீன்ஸும் வந்தன. காய்கறிக் கடையின் ஓரத்திலேயே ஒரு பலகை போட்டு விற்றார்கள். அதில் வந்ததைக் கொண்டு ஒருமுறை பேக்கரி அடுப்பின் கதவு சரியானது. ஒருமுறை தச்சரின் கூரை. தெருவின் குப்பை தெருவின் மண்ணாகி, தெருவின் வயிற்றுக்கே திரும்பி வந்தது. வீணாகப் போனது என்று பார்த்தால் அக்காவின் வலது தோள்பட்டை மட்டும்தான்.

ஏன் அவள் தோள்பட்டை? காரணம் ரொம்பச் சாதாரணம். கொண்டுவந்து கொட்ட அவளிடம் எதுவுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் எதையும் கொண்டுவந்துவிடாதே தாயே என்று எல்லாரும் முன்கூட்டியே கும்பிட்டுவிட்டார்கள். மற்றவர்கள் பையோடு வரும் இடத்துக்கு வெறுங்கையோடு வருவது அவளுக்கு உறுத்தியது. ஆகவே கையையே கொண்டுவந்தாள்.

குவியலை வாரம் ஒருமுறை அடியோடு புரட்டிப் போட வேண்டும், அளவாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒருவர் முறை என்று பேச்சு. முதல் சுற்று ஒழுங்காக நடந்தது. இரண்டாவது சுற்றில் பேக்கரிக்காரர் வந்து, "அக்கா, இந்த வாரம் மட்டும். கல்யாண கேக் ஆர்டர் ஒண்ணு, அடுக்கடுக்கா கேக்குறாங்க," என்றார். அக்கா சரி என்றாள். அடுத்தவர் முறையின்போது தையல்காரருக்குப் பள்ளிச் சீருடை சீசன். தச்சருக்கு எப்போதும் ஏதோ ஒரு கதவு எங்கேயோ மாட்டாமல் இருந்தது. டீச்சருக்குத் தேர்வுத்தாள். "இந்த வாரம் மட்டும்" என்ற சொல் வாராவாரம் வந்தது. குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மூடன் என்பார்கள். இங்கே யாரும் குட்டவில்லை. அன்போடு தலையைத் தடவினார்கள். அவள் தடவத் தடவக் குனிந்தாள்.

ஆனால் பழியை ஐந்து பேர் தலையில் மட்டும் கட்டிவிட்டால் அது நியாயமில்லை. அக்காவுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது தப்பித்தவறித் தன் முறையைச் செய்துவிட்டால், மறுநாள் அவள் போய் அதையே மறுபடி செய்வாள். பேக்கரிக்காரர் ஒருமுறை மூச்சு வாங்கப் புரட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டுவதற்குள், அக்கா மண்வெட்டியை எடுத்து நாலு மூலையையும் இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"என்னக்கா, சரியில்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. மூலை மட்டும் கொஞ்சம்."

"எந்த மூலை?"

"நாலும்."

அதற்குப் பிறகு பேக்கரிக்காரருக்குக் கல்யாண கேக் ஆர்டர் குறையவே இல்லை.

வீட்டில் அவள் கணவர் இருந்தார். ரிட்டையரான பஸ் கண்டக்டர். விசில் போய்விட்டது, குரல் போகவில்லை. அவள் வலது கையை இடது கையால் தூக்கி ஜாக்கெட்டுக்குள் நுழைப்பதை ஒருநாள் காலையில் பார்த்துவிட்டார்.

"உள்ள போங்க, உள்ள போங்கன்னு ஆயுசு பூரா கத்துனேன், ஒருத்தரும் போகல. நீ ஒருத்திதான் உள்ள போன. போனவ இறங்கவே மாட்டேங்குற."

"காலையிலேயே ஆரம்பிக்காதீங்க."

"டாக்டர்கிட்ட போ."

ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்ப்பவளுக்கு டாக்டரைப் பார்ப்பது பக்கத்துக் கவுண்டருக்குப் போவதுபோலத்தான். அதனாலேயே போகாமல் இருந்தாள். போனபோது டாக்டர் கையை மேலே தூக்கச் சொன்னார். காது வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. வீட்டில் வேறு ஏதாவது கனமான வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். கொஞ்சம் மண் வேலை என்றாள். "அதை விட்டுடுங்க. இப்படியே போனா இந்தக் கை லாண்டரிக்கும் ஆகாது." லாண்டரிச் சூப்பர்வைசரும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். கை தூக்க முடியாதவர்களுக்கு அங்கே வேறு வேலை எதுவும் இல்லையாம். மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற தொனியில் சொன்னார். கண்டக்டரின் பென்ஷன் வீட்டு வாடகையோடு சரி. சாப்பாடு அவள் கையில் இருந்தது, அதுவும் வலது கையில்.

சரி, விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். இப்படி முடிவு செய்துகொண்டேதான் அன்று மாலையும் பின்கட்டுக்குப் போனாள். மற்றவர்களைக் கால்தான் பழகிய இடத்துக்கு இழுத்துப்போகும். அவளைக் கையே இழுத்துப்போனது.

அந்த மாதக் கூட்டத்தில் டீச்சர் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நீங்க கொஞ்சம் ஒதுங்கினாத்தான் மத்தவங்க செய்வாங்க."

தையல்காரர் தன் விரல் நகத்தைப் பார்த்தார். அக்கா, "அதுக்கென்ன," என்றாள். அதுக்கென்ன என்பது மிக நல்ல சொல். அதை ஒரு பெண் சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் பாத்திரங்களைக் கைக்கெட்டாத இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டு விவகாரம் அதற்குப் பிறகு நடந்தது. பின்கட்டுக் கேட்டைப் பூட்டும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். சாவி ஒருவரிடம் இருந்தால் அவர் தலைவர் ஆகிவிடுவார் அல்லவா? ஆகவே ஆறு பேருக்கும் ஆறு பூட்டு. கேட்டைச் சுற்றி ஒரு சங்கிலி. அதன் இரண்டு நுனிக்கும் நடுவில் ஆறு பூட்டையும் ஒன்றன் வளையத்துக்குள் ஒன்றாகக் கோத்துவிட்டிருந்தார்கள். யார் தன் பூட்டைத் திறந்தாலும் அந்த இடத்தில் கோவை விட்டுப்போகும், கேட் திறக்கும். போகும்போது இரண்டு பக்கத்துப் பூட்டுகளையும் தன் வளையத்தில் மாட்டி மூட வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆறு பேர் கைகோத்து நிற்பதுபோல இருக்கிறது என்று டீச்சர் விருந்தினர்களிடம் காட்டுவார். ஒரே ஒரு கோளாறு உண்டு. மூடும்போது பக்கத்துப் பூட்டை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததில் மாட்டிவிட்டால், நடுவில் இருப்பவர் கழன்றுவிடுவார். அவர் பூட்டு சங்கிலியோரம் சும்மா தொங்கும். அவர் சாவி அவர் பூட்டைத் திறக்கும், கேட்டைத் திறக்காது.

ஒரு மாலை அக்கா போய்த் தன் பூட்டைத் திறந்தாள். அது பழுத்த பழம்போலக் கையோடு வந்தது. சங்கிலி அப்படியே இருந்தது. தையல்காரரின் பூட்டும் தச்சரின் பூட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் அவளுக்கு இடமில்லை.

வாயால் சொன்னது போதாது என்று இரும்பாலும் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? தலைவர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம். தலைவர் இல்லாத இடத்தில் ஒருவர் அவமானப்பட்டால், அதை ஐந்தாகப் பிரித்து ஐந்து வீட்டு வாசலிலும் போய்ப் பட வேண்டியிருக்கிறது. அவளுக்கு அதற்குத் தெம்பில்லை. பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தாள்.

"என்ன, இன்னைக்கு வண்டி சீக்கிரமே டிப்போவுக்கு வந்திருச்சு?" என்றார் கண்டக்டர்.

"தூக்கம் வருது."

பிறகு தினமும் தூங்கினாள். லாண்டரி, வீடு, தூக்கம். இத்தனை தூக்கம் எங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கை மெதுவாகத் தேறியது. காதைத் தாண்டி உச்சந்தலை வரை வந்தது. அதிலும் அவளுக்கு ஒரு வருத்தம். தான் இல்லாமல் குவியல் இருக்கிறதோ இல்லையோ, குவியல் இல்லாமல் தன் தோள் நன்றாக இருக்கிறதே என்று.

மற்ற ஐந்து பேரும் அவள் டீச்சர் சொன்னபடி ஒதுங்கிக்கொண்டாள் என்று நினைத்தார்கள். நினைத்ததும் ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் மனசாட்சி விழித்தது. இதுதான் வினை. பேக்கரிக்காரர் ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிப் போய்க் குவியலுக்குத் தண்ணீர் ஊற்றினார். கடையில் கூட்டம் ஓய்ந்ததும் காய்கறிக் கடைக்காரம்மா போய் ஊற்றினார். பள்ளி விட்டதும் டீச்சர். போகிற வழியில் தச்சர். தையல்காரரும் விடவில்லை. ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. சொல்லவும் முடியாது, இப்போது செய்கிறேன் என்று சொன்னால் இத்தனை நாள் செய்யவில்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். பொதுச் சொத்தைக் கவனிக்க ஆளில்லாமல் கெட்டது என்பார்கள். இங்கே ஆள் அதிகமாகிக் கெட்டது. பொறுப்பு அவ்வளவும் தண்ணீராக வந்தது. புரட்ட மட்டும் யாரும் போகவில்லை. தண்ணீர் ஊற்றுவது பக்தி, புரட்டுவது உழைப்பு.

குவியல் மூச்சு முட்டிப் புளித்தது. பிறகு நாறியது. சாதாரண நாற்றமில்லை. பேக்கரியில் ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள்.

அச்சகத்து முதலாளி பின்கட்டைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். நாற்றம் வரக் கூடாது. அவர் வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். "ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றேன். இப்படியேதான் இருக்கும்னா இடத்தை விட்டுடுங்க."

அன்று சாயங்காலம் டீச்சர் அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா படுக்கையிலிருந்து எழவில்லை. கண்டக்டர்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அக்கா, நீங்க ஒருதடவை வந்து பாத்தா..."

"வெளிய வெச்சுப் பூட்டுனவங்களே திறந்து பாத்துக்கலாமே."

"யாரு பூட்டினா?"

அக்கா தலைமாட்டிலிருந்த பையை எட்டி இழுத்து, பூட்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். டீச்சர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த குழப்பம் நடிப்பில்லை என்பது கண்டக்டருக்கே தெரிந்தது. டிக்கெட் எடுக்காதவர்கள் முகத்தை ஆயுள் முழுக்கப் பார்த்தவர்.

"இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல," என்றார் மனைவியிடம். "எழுந்திரு. நானும் வர்றேன்."

கேட்டருகே ஐந்து பேரும் நின்றார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு. அக்கா சங்கிலியைக் காட்டினாள். தையல்காரர் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையில் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

"நான்தான் அக்கா. கண்ணாடி போடாம வந்தேன்."

"எதுக்கு வந்தீங்க?"

"என் முறைன்னு புரட்ட வந்தேன். விடியக்காலையில. யாருக்கும் தெரியாம செஞ்சிட்டுப் போயிடலாம்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீங்க பாத்தா மறுபடி பண்ணுவீங்களே," என்றார்.

"பண்ணித்தான் இருப்பேன்," என்றாள் அக்கா.

பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததில் மூக்கிலிருந்து கை விலகி நாற்றம் உள்ளே போய், சிரிப்பு இருமலாகியது. அந்தத் தெருவில் ஒருவர் முதல்முதலாக யாருக்கும் தெரியாமல் தன் பங்கைச் செய்தார். அதற்குப் பலன், எல்லார் பங்கையும் செய்தவள் தெருவில் நின்றாள். இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? அக்காவும் யோசித்துப் பார்த்தாள். கோபம் எங்கேயும் உட்காரவில்லை. அலுப்புதான் இருந்தது, அது எல்லார் மேலும் சமமாக.

உள்ளே போனார்கள். குவியல் கரேலென்று ஊறிக் கிடந்தது. ஓரத்தில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

"யாரு இவ்வளவு தண்ணி ஊத்துனது?" என்றார் தச்சர்.

"நான் கொஞ்சம்தான்," என்றார் காய்கறிக் கடைக்காரம்மா.

"நானும் கொஞ்சம்தான்," என்றார் பேக்கரிக்காரர்.

ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. ஐந்து கொஞ்சம்.

"என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்," என்றார் டீச்சர். "பிரிச்சு, ஆற விட்டு, மரத்தூள் கலந்து மறுபடி அடுக்கணும். வகுப்புல நடத்தியிருக்கேன். கையால செஞ்சதுதான் இல்ல."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. "இந்த வாரம் மட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஆனாலும் அந்தப் பார்வை பழைய வழியில்தான் போனது, மாடு தன் கொட்டிலுக்குப் போவதுபோல. மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அக்காவின் கை அதை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது.

"தொடு," என்றார் கண்டக்டர். "தாராளமா தொடு. அந்தக் கையும் போகட்டும். திங்கக்கிழமையிலிருந்து லாண்டரிக்கு நான் போறேன். பெட்ஷீட்டைக் கிழிச்சு ஆளுக்கொண்ணா குடுத்துட்டு, சில்லறை இல்லன்னு சொல்லிட்டு வர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை என்ற சொல்லிலிருந்த கனம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அக்கா தோளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

"கை எப்படி இருக்கு அக்கா?" என்று தையல்காரர் மெதுவாகக் கேட்டார்.

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். உச்சந்தலை வரை வந்தது. சொல்ல இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

கவிழ்த்துப் போட்டிருந்த காய்கறிக் கூடை ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். தச்சர் போய் மூட்டை மூட்டையாக மரத்தூளைக் கொண்டுவந்தார். பேக்கரிக்காரர் மண்வெட்டியை எடுத்தார். தையல்காரர் இன்னொன்றை இரவல் வாங்கி வந்தார். வேலை நடந்தது. கண்றாவியாக நடந்தது. பேக்கரிக்காரர் குவியலை மாவு பிசைகிறவர்போல அமுக்கினார். தையல்காரர் இத்தனூண்டு இத்தனூண்டாக, ஓரம் மடித்துத் தைக்கிறவர்போல எடுத்தார். டீச்சர் இருவருக்கும் நடுவில் நின்று, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சேற்றில் ஒரு செருப்பை இழந்தார். காய்கறிக் கடைக்காரம்மா மரத்தூளைத் தூவினார், உப்புப் போடுவதுபோல, கை கூசி.

"இன்னும் போடுங்க," என்று அக்கா வாயெடுத்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

லாண்டரியில் நனைந்த விரிப்பு தூக்குவதெல்லாம் ஒரு வேலையே இல்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. உட்கார்ந்திருப்பதுதான் முதுகை ஒடித்தது. கண் முன்னால் ஒவ்வொரு மண்வெட்டி வீச்சும் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. தொடைக்கடியில் விரல்கள் மரத்துப்போயின. கண்டக்டர் பக்கத்தில் நின்று, அவள் எழுந்தால் பிடித்து உட்கார வைக்கத் தயாராக இருந்தார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் குவியல் ஒருவழியாக எழுந்து நின்றது. நின்றது என்று சொல்லலாம், ஒரு பக்கம் சாய்ந்து. நாற்றம் பாதி குறைந்திருந்தது. மீதி ஞாயிற்றுக்கிழமைக்குள் குறையுமா என்பதை ஞாயிற்றுக்கிழமைதான் சொல்ல வேண்டும். தையல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அக்கா முன்னால் வந்து நின்றார். கண்ணாடி முழுக்கச் சேறு. மூச்சு வாங்கியது.

"பாத்து சொல்லுங்க அக்கா. சரியா இருக்கா?"

அக்கா பார்த்தாள். சுவரோரத்து மூலையில் ஒரு பெரிய கட்டி உடையாமல் அப்படியே இருந்தது. அதன் அடியில் ஈரம் மின்னியது. நாலு வெட்டு வெட்டினால் போதும். ஐந்து பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேக்கரிக்காரர் ஏற்கனவே இடுப்பைப் பிடித்திருந்தார்.

"சரியா இருக்கு," என்றாள்.

சொல்லிவிட்டு உடனே எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வேகமாகக் கேட்டை நோக்கி நடந்தாள். கண்டக்டர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.